1979: டீச்சர் போட்ட ரேங்க்

என்னிடம் படித்த பிள்ளைகள், சொந்தபந்தங்கள், பயிற்சிப் பள்ளித் தோழிகள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நீளமான பதிவு. ஒரே மூச்சில் முடியாதவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மீதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் எட்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாகச் சண்டை. தமிழ் சினிமாவுக்கு எந்த வருடம் நல்ல வருடம் என்று. ரோஜாவும் தேவர் மகனும் வந்த 1992தான் என்று ஒருவன். பருத்திவீரனும் மொழியும் வந்த 2007 என்று ஒருத்தி. கடைசியில் வழக்கம்போல "டீச்சர் சொல்லட்டும்" என்று என் தலையில் கட்டினார்கள். நான் 1979 என்றேன். உடனே "வரிசை போடுங்க டீச்சர், ரேங்க் போடுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். உங்களுக்கெல்லாம் எத்தனை ரேங்க் ஷீட் எழுதியிருப்பேன்! எனக்கு இது ஒன்றும் புது வேலை இல்லை.

முதலில் நான் மார்க் போடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். எத்தனை நாள் ஓடியது, எவ்வளவு வசூல் என்பதற்கெல்லாம் மார்க் கிடையாது. நான் பார்த்த படங்கள் மட்டும்தான் கணக்கு. படத்தில் வருகிற மனிதர்களை நான் வேலை பார்த்த ஊர்களில் கண்டிருக்கிறேனா, குறிப்பாகப் பிள்ளைகள் பிள்ளைகளாக இருக்கிறார்களா என்று பார்ப்பேன். முப்பத்து நான்கு வருடம் வகுப்பறையில் நின்றவளுக்கு வேறு எந்த அளவுகோல் வரும்?

அந்த வருடம் நான் திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். 1977-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்து, 1978-இல் சேர்ந்தேன். வயது 18. மாதிரிப் பாடம், பாடக்குறிப்பு, கரும்பலகையில் கோணாமல் எழுதும் பயிற்சி, சார்ட் அட்டை, பசை என்று நாள் ஓடும். விடுதியில் இருந்து பருவத்துக்கு ஒரு படமோ இரண்டு படமோ வார்டன் அம்மா அழைத்துப் போவார். இரண்டு இரண்டு பேராக வரிசையில் நடந்து போய், வரிசையில் நடந்து திரும்புவோம். மற்ற படமெல்லாம் லீவில் ஆண்டிபட்டிப் பக்கம் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில்தான். சீர்காழியின் பிள்ளையார் பாட்டு ஒலித்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் படம் என்று அர்த்தம். சோற்றுத் தட்டைக் கழுவியும் கழுவாமலும் ஓடுவோம். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர் திட்டுவார். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும் போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள், முறுக்குக்காரர் வருவார். அங்கே படம் வர ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடம் ஆகும். அதனால் என்னைப் பொறுத்தவரை 1979 என்பது 1982 வரைக்கும் நடந்தது. படத்துக்கு முன்னாலேயே பாட்டு மட்டும் இலங்கை வானொலி வழியாக வந்து சேர்ந்துவிடும். பாட்டைக் கேட்டு நாங்களாக ஒரு கதை கட்டி வைத்திருப்போம். பாதி நேரம் எங்கள் கதை படத்தைவிட நன்றாக இருக்கும்.

எம்.ஜி.ஆர். 1977-லேயே கோட்டைக்குப் போய்விட்டார். அவருடைய கடைசிப் படம் 1978 பொங்கலோடு முடிந்தது. அந்த இடம் காலியாகக் கிடந்தது. அந்தக் காலி இடத்தில்தான் பாரதிராஜா, மகேந்திரன், பாலு மகேந்திரா, பாக்யராஜ் எல்லோரும் வந்து நின்றார்கள். பாரதிராஜா எங்கள் பக்கத்து அல்லிநகரம், இளையராஜா பண்ணைப்புரம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அவர்களைப் பற்றிப் பேசினால் நேற்று வரை தங்கள் தோட்டத்தில் மாங்காய் அடித்த பையன்களைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

சரி, கடைசி ரேங்கில் இருந்து வருகிறேன்.

எட்டாவது, திரிசூலம். சிவாஜியின் 200-ஆவது படம். ராஜ்குமாரின் கன்னடப் படத்தைத் தமிழில் எடுத்தது. சிவாஜிக்கு மூன்று வேடம். இந்த மார்க்கை நான் போடவில்லை, என் அப்பா போட்டது. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிவிட்டு வந்து, குளித்து, வேட்டி மாற்றி, விபூதி பூசிக்கொண்டு சிவாஜி படத்துக்குப் போகிறவர் அவர். கோயிலுக்குப் போகும்போதுகூட அவ்வளவு ஆயத்தம் இருக்காது. அந்த டெலிபோன் காட்சியை இன்றைக்கு மீம் போட்டுச் சிரிக்கிறீர்கள். என் பேத்தியும் அனுப்பினாள், நானும் சிரித்தேன். ஆனால் அப்பா அந்த இடத்தில் துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதற்காக எட்டாவது இடம். அதற்கு மேல் கொடுக்க முடியாது, அப்பா மன்னிக்கட்டும்.

ஏழாவது நினைத்தாலே இனிக்கும். என் தம்பி இதைப் படித்ததும் போன் போட்டுச் சண்டைக்கு வருவான், வரட்டும். பாலசந்தர் படம், சிங்கப்பூர், எம்.எஸ்.வி. இசை, கமலும் ரஜினியும் ஒன்றாக. சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடிக்கும் பந்தயம், தோற்றால் விரல் போய்விடும் என்று ரஜினி உட்கார்ந்திருக்கும் காட்சியில் தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது. தம்பி அதைப் பார்த்துவிட்டு சாக்பீஸை எறிந்து வாயில் பிடித்துப் பழகினான். பாட்டுக்கு நூற்றுக்கு நூறு. கதைக்கு அவ்வளவு இல்லை. சிங்கப்பூரைச் சுற்றிப் பார்த்த திருப்தி இருந்தது.

கல்யாணராமனுக்கு ஆறாவது இடம். அந்தத் தூக்கிய பல் கமலை வைத்து எத்தனை வருடம் பிள்ளைகள் ஆண்டு விழாவில் நாடகம் போட்டிருக்கிறீர்கள்! ஆரஞ்சுத் தோலை வெட்டி வாயில் சொருகிக்கொண்டு மேடை ஏறிய அந்த இரண்டு பேருக்கும் நினைவிருக்கும். ஒருவர் இப்போது வங்கியில் மேலாளர். பெயர் சொல்லவில்லை.

ரோசாப்பூ ரவிக்கைக்காரி ஐந்தாவது. சிவகுமாரின் நூறாவது படம். இதுவும் கன்னடத்தில் இருந்து வந்ததுதான். பெண்கள் ரவிக்கை போடாத ஒரு மலைக் கிராமம், அங்கே ரவிக்கை போட்டுக்கொண்டு வருகிற புது மருமகள், ஊர் ஊராகச் சாமான் சுமந்து விற்கும் வெள்ளந்திப் புருஷன். சிவகுமார் நடித்ததில் என் பார்வையில் இதுதான் முதல். ஆனால் படம் போகிற போக்கில், ஒரு பெண் ரவிக்கைக்கும் சோப்புக்கும் ஆசைப்பட்டதில்தான் குடும்பம் சீரழியத் தொடங்கியது என்பது மாதிரி ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, என் அப்பத்தா கண்டுபிடித்தது. அப்பத்தா சாகும்வரை ரவிக்கை போட்டதில்லை. டூரிங் டாக்கீஸில் படம் முடிந்து அரிக்கேன் விளக்கோடு நடந்து வரும்போது கேட்டது: "ரவிக்கை போட்டா குடும்பம் கெட்டுரும்னா, ரவிக்கையும் போட்டுவிட்டு உன்னைப் பள்ளிக்கூடத்துக்கும் எதுக்குடி அனுப்புறாக?" எந்தப் பத்திரிகை விமர்சனத்திலும் இந்தக் கேள்வியை நான் படித்ததில்லை. பத்து மார்க் குறைத்துவிட்டேன்.

நான்காவது இடத்துக்கு வருகிறேன். புதிய வார்ப்புகள். இதில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும், ஏனென்றால் கதாநாயகன் எங்கள் ஜாதி. வாத்தியார் ஜாதி.

பாரதிராஜாவிடம் உதவியாளராக இருந்த பாக்யராஜைக் கண்ணாடி போட்டு, பை கொடுத்து, கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாராக இறக்கிவிட்டார்கள். குரல் அவருடையது இல்லை, கங்கை அமரன் பேசினார். அதுவரை சினிமாவில் வாத்தியார் என்றால் குடை, பஞ்சகச்சம், பிரம்பு. இல்லையென்றால் தியாகமே உருவான கிழவர். இங்கே இருபது சொச்சம் வயதில் ஒரு பையன் வருகிறான், பயப்படுகிறான், காதலிக்கிறான், ஊர்ப் பெரிய மனிதரின் அட்டூழியத்தைப் பார்க்கிறான், என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறான். விடுதியில் நாங்கள் அத்தனை பேரும் சொக்கிப்போனோம். ரதியின் அழகில் சொக்கியவர்கள் பாதி. மீதிப் பேர், ஓர் ஊருக்குப் புதிதாகப் போய் இறங்கும்போது பஸ் நிறுத்தத்தில் எல்லோரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்களே, அதை நினைத்துச் சொக்கினோம்.

ஆனால் ஒன்று. படம் முழுக்க அந்த வாத்தியார் பாடக்குறிப்பு எழுதி நான் பார்க்கவில்லை. வருகைப் பதிவேட்டைக் கூட்டி இருப்புச் சொல்லி நான் பார்க்கவில்லை. அந்தச் சமயம் ஏ.இ.ஓ. ஜீப் வந்து நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் இதை இடைவேளையில் சொல்லப்போக, பக்கத்தில் இருந்த தோழி என் தொடையில் கிள்ளினாள். இன்றைக்கும் அவள் என்னை "பாடக்குறிப்பு" என்றுதான் கூப்பிடுகிறாள்.

1984-இல் வேலைக்கு உத்தரவு கையில் வந்து, முதல் ஊரில் பஸ் இறங்கியபோது நிஜமாகவே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, "வாத்தியாரம்மாவா? சாவி எங்க வீட்டுலதான் இருக்கு" என்றார். பள்ளிக்கூடத்துச் சாவி, பஞ்சாயத்துச் சாவி, கோயில் சாவி எல்லாமே அவர் வீட்டில்தான் இருந்தன. புதிய வார்ப்புகளின் அந்தப் பெரிய மனிதரைத்தான் உடனே நினைத்தேன். நல்லவேளையாக இவர் நல்ல மனிதர். ஆனால் ஓர் ஊரின் எல்லாச் சாவியும் ஒரே வீட்டில் தொங்கினால் அங்கே நல்லவர் இருப்பதும் கெட்டவர் இருப்பதும் நம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததுதான். பாரதிராஜாவுக்கு இது தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்து ஆள் அல்லவா.

மூன்றாவது இடத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு படத்தைத் தனியே எடுத்து வைக்கிறேன். அதற்கு ரேங்க் இல்லை. பதிவேட்டில் சில பிள்ளைகளுக்கு மார்க் இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்துவிடுவோமே, அந்த மாதிரி.

ஆறிலிருந்து அறுபது வரை. எஸ்.பி. முத்துராமன் இயக்கம், பஞ்சு அருணாசலத்தின் எழுத்து. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்து, அச்சகத்தில் வேலை பார்த்துத் தம்பி தங்கைகளை ஆளாக்குகிற அண்ணன். ஆளான பிறகு அவர்கள் அவனைக் கைகழுவி விடுகிறார்கள். சண்டை போடாத, ஸ்டைல் காட்டாத ரஜினி. மூக்கைச் சிந்தாமல் அந்தப் படத்தைப் பார்த்து முடித்தவர்கள் உண்டா?

சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். என்னைப் படிக்க வைத்தது என் பெரியண்ணன். நான் வீட்டில் சும்மா இருந்த அந்த ஒரு வருடமும் அண்ணன் பணம் சேர்த்தது. தேனியில் பஞ்சு அரைக்கும் ஜின்னிங் மில்லில் கணக்கு எழுதும் வேலை. விடுதிக் கட்டணம் மாதா மாதம் மணியார்டரில் வரும். மணியார்டர் தாளின் கடைசியில் இருக்கும் சின்ன இடத்தில் ஒரு வரி எழுதியிருக்கும். "நன்றாகச் சாப்பிடு" என்று ஒரு மாதம். "மழை இல்லை" என்று ஒரு மாதம். அந்தத் துண்டுகள் பத்தொன்பது என்னிடம் இருக்கின்றன.

ஒரு பொங்கல் லீவில் அண்ணன், தம்பி, நான் மூவரும் அந்தப் படத்துக்குப் போனோம். தம்பியும் நானும் ஆளுக்கொரு பக்கம் அழுகிறோம். நடுவில் அண்ணன் கடலை தின்றுகொண்டு இருக்கிறார். வரும் வழியில் நானும் தம்பியும் ஒன்றும் பேசவில்லை. அண்ணன்தான் சொன்னார்: "அந்த ரஜினிக்கு வீட்டுல ஒரு டீச்சர் இல்ல. அதான் அப்படி ஆயிப்போச்சு." அவ்வளவுதான் அண்ணனின் விமர்சனம்.

எனக்கு அந்தப் படத்தோடு ஒரு வழக்கு உண்டு. படித்து மேலே வந்த தம்பி தங்கை அத்தனை பேரையும் நன்றி கெட்டவர்களாகவே காட்டிவிட்டார்கள். அந்தக் காலத்தில் எத்தனை வீடுகளில் ஒருவர் தோளில் ஏறித்தான் மற்றவர்கள் கரை சேர்ந்தோம். ஏறியவர்கள் எல்லோருமா உதைத்துவிட்டுப் போனோம்? நான் முதல் சம்பளம் வாங்கி அண்ணனிடம் கொடுத்தபோது அவர் அதில் இருந்து ஐந்து ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். அண்ணனின் மூத்த மகளுக்கு கல்லூரிக் கட்டணம் கட்டியது என் சம்பளத்தில். அது கடன் தீர்த்தது இல்லை, எங்கள் வீட்டில் பணம் போய் வருகிற வழி அதுதான். இந்த மாதிரி ஒரு படம் எடுத்தால் ஓடாது என்று பஞ்சு அருணாசலத்துக்குத் தெரிந்திருக்கும். அண்ணன் போய் மூன்று வருடம் ஆகிறது. அண்ணன் பிள்ளைகளே, இதைப் படிக்கும்போது உங்கள் அப்பாவின் கடலைப் பொட்டலம் ஞாபகம் வரட்டும். ரேங்க் கேட்காதீர்கள்.

மூன்றாவது பசி. இரண்டாவது அழியாத கோலங்கள். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும், இரண்டிலும் ஷோபா.

பசி துரை எடுத்த படம். சென்னையின் குடிசைப் பகுதி. காகிதம் பொறுக்குகிற குப்பம்மாவாக ஷோபா, ரிக்‌ஷா இழுக்கும் அப்பாவாக டெல்லி கணேஷ். எங்களுக்கு அந்த மெட்ராஸ் பாஷை பாதி புரியவில்லை. அழுக்குச் சேலையும் எண்ணெய் காணாத தலையுமாக ஒரு கதாநாயகி தெருவில் நடந்து போகிறாள், தெருவும் நிஜத் தெருவாகவே இருக்கிறது. தமிழில் அந்த வருடத்தின் சிறந்த படம் என்று மத்திய அரசு விருது கொடுத்தது, ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும் கிடைத்தது. டெல்லி கணேஷை நீங்கள் நகைச்சுவைக்காரராகத்தான் அறிவீர்கள். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுங்கள்.

படத்தின் பெயரைப் பற்றிப் பின்னால்தான் நிறைய யோசித்தேன். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பிள்ளைகள் பைக்கட்டில் புத்தகத்தோடு தட்டும் கொண்டு வருவார்கள். உங்களில் பலர் அந்தத் தட்டுக்காரர்கள். திங்கட்கிழமை மத்தியானம் வரிசை ஒழுங்காக நிற்காது, முண்டும். சனி ஞாயிறு பள்ளிக்கூடம் கிடையாது அல்லவா. சத்துணவு ஆயா திங்கட்கிழமை மட்டும் ஒரு படி சேர்த்துப் போடுவார். மேலிடத்துக் கணக்கில் அது எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பசி என்றால் அழுகை, வயிற்றைப் பிடித்துக்கொள்வது என்றுதான் சினிமாக்காரர்கள் காட்டுவார்கள். பசித்த பிள்ளை அழாது, சும்மா கோபப்படும், பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை உடைக்கும். குப்பம்மாவின் கோபத்தை நான் திங்கட்கிழமைக் காலைகளில் பார்த்திருக்கிறேன்.

அழியாத கோலங்களை நாங்கள் அப்போது பார்க்கவில்லை. விடலைப் பையன்கள் மூன்று பேர் பற்றிய படம் என்று யாரோ வார்டன் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். "அது நீங்க பார்க்கிற படம் இல்ல" என்று முடித்துவிட்டார். பதினைந்து வருடம் கழித்து வீட்டில் டி.வி.யில்தான் பார்த்தேன். அப்போது எனக்குப் பத்து வருட அனுபவம் இருந்தது.

பாலு மகேந்திரா தமிழில் இயக்கிய முதல் படம். அவர் மட்டக்களப்புப் பக்கத்துக்காரர். தன் சின்ன வயது ஊரை மனதில் வைத்து எடுத்தது. இசை சலில் சௌத்ரி. எப்போது இசை வந்தது எப்போது நின்றது என்றே தெரியாது. ஆறு, மரம், சைக்கிள், வெயில், மூன்று பையன்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக இந்துமதி டீச்சர் வருகிறார். பையன்கள் மூவரும் டீச்சர் மேல் பிரியம் கொள்கிறார்கள். டீச்சருக்கு அது தெரியாது.

இதை யாரும் பேச மாட்டோம், நான் பேசிவிடுகிறேன். ஏழாவது எட்டாவது வகுப்புப் பையன்கள் திடீரென்று தலை வாரிக்கொண்டு வருவார்கள். கேள்வி கேட்டால் முகம் சிவக்கும். நோட்டுக் கட்டைத் தூக்கி வர நான் நீ என்று சண்டை போடுவார்கள். எல்லா டீச்சருக்கும் இது தெரியும். கண்டுகொள்ளாமல் இருப்போம். ஒரு வருடத்தில் அது தானாகப் போய்விடும், மரியாதை மட்டும் தங்கிவிடும். நம் சினிமாவில் இதைக் காட்டினால் ஒன்று ஆபாசமாகக் காட்டுவார்கள், அல்லது கிண்டல் செய்வார்கள். பாலு மகேந்திரா அந்தப் பையன்களைக் கேலி செய்யவில்லை. டீச்சரையும் கீழே இறக்கவில்லை. படம் முடியும்போது மூவரில் ஒருவன் இல்லை. வளர்ந்த பிறகும் மற்றவர்களுக்கு அந்தக் கோடைகாலம் கையை விட்டுப் போகவில்லை.

இந்துமதி டீச்சராக நின்ற ஷோபாவைப் பார்த்தால் 25 வயது என்று நினைப்போம். சேலைக் கட்டு, நிதானம், பையன்களைப் பார்க்கும் பார்வை எல்லாம் அனுபவப்பட்ட டீச்சர். அவர் பிறந்தது 1962 செப்டம்பர். படம் வந்தது 1979 டிசம்பர். 17 வயது. நான் அவரைவிட இரண்டு வயது மூத்தவள். நான் அப்போது சேலைக்கு எட்டு ஊக்கு குத்திக்கொண்டு, மாதிரிப் பாடம் எடுக்கும்போது கால் நடுங்கி நின்றுகொண்டு இருந்தேன். என் எட்டாம் வகுப்பில் இருந்து போன பெண்கள் பிளஸ் டூ படிக்கிற வயது அது.

1980 மே 1-ஆம் தேதி ஷோபா இறந்துபோனார். எங்களுக்கு இறுதித் தேர்வு நேரம். விடுதிக்கு வந்த தினத்தந்தியைச் சுற்றி எல்லோரும் நின்றோம். யாரோ ஒருத்தி சத்தமாகப் படித்தாள். அன்றைக்கு வார்டன் அம்மா யாரையும் "போய்ப் படிங்க" என்று விரட்டவில்லை. அந்தச் சாவைப் பற்றி அதன் பிறகு எவ்வளவோ எழுதினார்கள், பேசினார்கள், ஒரு படமும் வந்தது. நான் அதில் எதையும் சேர்க்கப் போவதில்லை. ஒரே வருடத்தில் குப்பம்மாவாகவும் இந்துமதி டீச்சராகவும் வந்த பெண்ணுக்கு 18-ஆவது பிறந்தநாள் வரவில்லை. 17 வயதுப் பிள்ளையைச் சுற்றி இருந்த பெரியவர்கள் எல்லாம் என்ன செய்துகொண்டு இருந்தார்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்த வயதுப் பெண் பிள்ளைகளை வருடா வருடம் பள்ளியை விட்டு அனுப்பி வைத்தவளுக்குப் பின்னால் தோன்றியது.

முதல் ரேங்க் உதிரிப்பூக்கள். இதில் சண்டைக்கு இடமில்லை.

தீபாவளிக்கு வந்தது. புதுமைப்பித்தனின் சிற்றன்னை கதையில் இருந்து எடுத்தது என்று யாரோ சொன்னதால்தான் வார்டன் அம்மா எங்களை அழைத்துப் போனார். இலக்கியம் என்றால் அவருக்குத் தடையில்லை. உண்மையில் மகேந்திரன் அந்தக் கதையில் இருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு கதை செய்திருந்தார். இரண்டையும் படித்துப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள், வீட்டுப்பாடம்.

சுந்தரவடிவேலு என்று ஒரு மனிதர். வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. குரலை உயர்த்த மாட்டார். வீட்டில் நோயாளி மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். அடுத்தவர் வலியில் சுகம் காண்கிறவர். விஜயன் அந்த வேடத்தில் முறைக்கவே இல்லை, பயம் மட்டும் வந்தது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் மேனேஜர்.

"மேனேஜர்" என்றதும் தியேட்டரில் எங்கள் வரிசை மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. தனியார் நிர்வாகப் பள்ளியில் வேலை பார்த்த அக்காமார் கதைகளை நாங்கள் கேட்டிருந்தோம். பின்னால் எங்களில் ஒருத்திக்கே நடந்தது. முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து, கையில் பாதி. கேட்டால் "வேலை வேணுமா வேண்டாமா?" என்று சாந்தமாகக் கேட்பாராம். எந்த ஊர், எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். அவள் நான்கு வருடம் இருந்துவிட்டு அரசு வேலை கிடைத்து வெளியே வந்தாள். "அந்தாளு ஒருநாள்கூடத் திட்டினதில்லடி" என்று சொல்லுவாள். சுந்தரவடிவேலுவை மகேந்திரன் எங்கே பார்த்தார் என்று தெரியவில்லை, ஆனால் பார்த்திருக்கிறார்.

கடைசியில் ஊர் பொங்குகிறது. அந்த மனிதரை ஆற்றுக்கு அழைத்துப் போகிறார்கள். ஆற்றில் இறங்கும் முன்னால் அவர் ஊரைப் பார்த்துச் சொல்கிறார், இதுவரை நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேன், நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான் என்கிற அர்த்தத்தில். பழி தீர்ந்தது என்று கை தட்டத் தயாராக இருந்த தியேட்டர் அப்படியே அமுங்கிப்போனது. அன்றைக்குக் கை தட்டியவர்கள் யாரும் இல்லை. பத்து வருடம் கழித்து டி.வி.யில் பார்க்கும்போதும் அறையில் அதே அமைதி.

எனக்கு அதைவிட அந்த இரண்டு பிள்ளைகள். ஆற்றங்கரையில். அசோக்குமாரின் கேமராவில் அவர்கள் அவ்வளவு சின்னதாக இருக்கிறார்கள். பெரியவர்கள் எல்லாம் தங்கள் தங்கள் நியாயத்தைச் செய்து முடித்தாகிவிட்டது. அம்மா இல்லை, இப்போது அப்பாவும் இல்லை. படம் முழுக்க அந்தப் பிள்ளைகள் வசனம் ஒப்பிக்க மாட்டார்கள், கேமராவைப் பார்த்துக் கண் கசக்க மாட்டார்கள். பெரியவர்கள் பேசும்போது ஓரமாக நிற்கும். சாவு வீட்டிலும் விளையாடும். அதுதான் பிள்ளை.

1991-லோ 92-லோ என் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை தன் தம்பியை அழைத்துக்கொண்டு வந்து உட்கார வைத்துக்கொள்ளும். தம்பிக்கு நான்கு வயது. வீட்டில் அம்மா இல்லை. என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும், அதை இங்கே எழுத மாட்டேன். விதிப்படி அந்தப் பையனை உட்கார வைக்கக் கூடாது. தலைமை ஆசிரியர் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு எதுவும் சொல்லவில்லை. அந்தப் பையன் கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்து உடைந்த சாக்பீஸ் துண்டுகளை வரிசையாக அடுக்குவான், கலைப்பான், அடுக்குவான். அக்கா வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே ஒரு கண் அவன் மேல் வைத்திருக்கும். ஒருநாள் அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னிவிடும்போது, "டீச்சர், தம்பிக்கும் எண்ணெய் வைங்க" என்றது. உதிரிப்பூக்களை நான் அந்த வருடம்தான் உண்மையில் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அந்த அக்காவும் தம்பியும் இன்றைக்கு நன்றாக இருக்கிறார்கள். தம்பி இந்தப் பதிவைப் படிப்பான். அவனுக்கு இது தான்தான் என்று தெரியும்.

போன வாரம் பேத்தியை உட்கார வைத்து யூடியூபில் உதிரிப்பூக்களைப் பார்த்தோம். கொட்டாவி விடுவாள் என்று நினைத்தேன், விடவில்லை. முடிந்ததும் "அந்தப் பிள்ளைங்க இப்ப எங்க பாட்டி?" என்று கேட்டாள். அந்தப் பெண் பேபி அஞ்சு, பெரியவளாகியும் நடித்தாள், பையன் ஹாஜா ஷெரீப், அந்த 7 நாட்கள் படத்தில் பாக்யராஜோடு வருவானே அவன்தான் என்று விளக்கினேன். "அவங்க இல்ல பாட்டி, அந்தப் பிள்ளைங்க" என்றாள்.

நான் எழுந்து போய் அவளுக்குப் பால் காய்ச்சினேன்.

சுவரில்லாத சித்திரங்கள் எங்கே, நிறம் மாறாத பூக்கள் எங்கே என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இரண்டும் ஒன்பதாவது இடத்துக்கு வெளியே சண்டை போட்டுக்கொண்டு நிற்கின்றன, நான் தீர்த்து வைக்கவில்லை. உங்கள் வரிசையைக் கீழே எழுதுங்கள். 1992 கோஷ்டியும் எழுதலாம். எழுத்துப்பிழை இருந்தால் மார்க் குறைப்பேன்.